எழுபத்தைந்தில் தயங்கிய கோடு

நாகர்கோவில் பக்கமிருந்து வரும் காலைப் பாசஞ்சர் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நின்றதும் பெட்டியில் காற்று வரத் தொடங்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் டெக்னோபார்க்குக்காரர்கள். 1990இல் தொடங்கிய அந்த மென்பொருள் வளாகத்துக்குக் குழித்துறையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் தினமும் வந்துபோகிற பிள்ளைகள் ஏராளம். மிச்சப்பேர் கணியாபுரம், சிறையின்கீழ், கடைக்காவூர், வர்க்கலை என்று ஆங்காங்கே இறங்கிப்போக, கொல்லம் சேரும்போது பெட்டியில் உட்கார இடம் தாராளமாக இருக்கும். ஆயுள் அட்டவணை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ரயிலைத்தான் நான் காட்டுவது வழக்கம்.

ஒரு ரயிலில் 100 பேர் ஏறுகிறார்கள். வழியில் யாரும் ஏறுவதில்லை, இறங்க மட்டுமே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்து கிலோமீட்டராக நான்கு நிலையங்கள். முதல் பத்தில் 100 பேரும் இருந்தார்கள், இரண்டாவதில் 95, மூன்றாவதில் 80, நான்காவதில் 40. அங்கே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கூட்டினால் 315, பத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 31.5 கிலோமீட்டர் பயணம். கிலோமீட்டருக்குப் பதில் வயது என்று போடுங்கள். பிறக்கும்போதான ஆயுள் எதிர்பார்ப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் அதில் கணிதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். இந்த ரயில் கடைசி நிலையத்தைச் சேர நூறு வருஷம் ஆகும். 2020இல் பிறந்த குழந்தைகளின் உண்மையான சராசரி ஆயுளை அறிய 2120 வரை காத்திருக்க முடியுமா? ஆகவே மக்கள்தொகையியலார் ஒரு தந்திரம் செய்கிறார்கள். எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் ஆளை நிறுத்தி, அன்று அங்கே வந்து நின்ற ரயிலில் இருந்தவர்களில் எத்தனை சதவீதம் இறங்கினார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். வர்க்கலையில் நின்றது ஒரு ரயில், கொல்லத்தில் நின்றது அதற்கு ரொம்ப முன்னால் புறப்பட்ட வேறொரு ரயில். அந்த விகிதங்களை எல்லாம் கோத்து, எந்தத் தண்டவாளத்திலும் ஓடாத ஒரு கற்பனை ரயிலை ஓட்டிப் பார்க்கிறார்கள். ‘கேரளத்தில் ஆயுள் எதிர்பார்ப்பு 75’ என்று செய்தித்தாளில் வருவது அந்தக் கற்பனை ரயிலின் சராசரிப் பயணம். இன்று பிறந்த குழந்தை 75 வயதில் இறக்கும் என்றோ, இன்று 70 வயதானவருக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் என்றோ அதற்குப் பொருள் கிடையாது. 70ஐத் தொட்டவர் முதல் பல நிலையங்களில் இறங்காமல் தப்பி வந்தவர். அவருக்கு மிச்சமிருக்கும் தூரம் ஐந்தைவிடக் கணிசமாக அதிகம். ஓய்வூதியக் கணக்குப் போடும் படித்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

1662இல் லண்டனில் ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி சாவுப் பட்டியல்களை வைத்து இந்த வேலையைத் தொடங்கினார். 1693இல் எட்மண்ட் ஹேலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹேலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பதிவேடுகளைக் கொண்டு முறையான அட்டவணை போட்டார். நம் பக்கத்தில் திருவிதாங்கூர் 1875லேயே மக்களை எண்ணியது. வி. நாகம் ஐயா நடத்திய அந்தக் கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 23 லட்சம். ஆனால் தலைகளை எண்ணுவது வேறு, சாவுகளை வயதுவாரியாக எண்ணுவது வேறு. இரண்டாவது வேலையில்தான் இந்தியா நெடுங்காலம் திணறியது.

அதற்கு ஒரு வழி கண்டவர்களில் முதன்மையானவர் சி. சந்திரசேகரன். பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கற்பித்துப் புகழ்பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். களம், கல்கத்தாவை அடுத்த சிங்கூர். ஒரே ஊரில் நடந்த சாவுகளை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதட்டும். ஒருவர் 45 சாவுகளைப் பிடித்தார், மற்றவர் 40. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை 36. இரண்டாமவர் கண்ட 40இல் முதலாமவர் 36ஐப் பிடித்திருக்கிறார் என்றால் அவர் பிடிக்கும் திறன் பத்துக்கு ஒன்பது. அப்படியானால் அவருடைய 45 என்பது மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மொத்தம் 50. இருவரும் சேர்ந்து கண்டது 49. யார் கண்ணிலும் படாமல் போன அந்த ஒரு சாவையும் கணக்குக்குள் இழுத்துவிடுகிறது இந்த வகுத்தல். எனக்குப் பிடித்த இந்தியக் கணக்குகளில் இது ஒன்று.

1960களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி 1969–70இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த மாதிரிப் பதிவுத் திட்டம் இந்த இரட்டைக் கண்காணிப்பின் பிள்ளைதான். தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எழுதுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வீடுவீடாகப் போய் விசாரிப்பார். பட்டியல்கள் பொருந்தாத இடத்தில் மறுபடி போய்ப் பார்ப்பார்கள். இந்தியாவுக்கும் மாநிலங்களுக்கும் இன்று நாம் மேற்கோள் காட்டும் ஆயுள் எதிர்பார்ப்பு எண்கள் இதிலிருந்து வருபவை.

முதல் அட்டவணை 1970–75க்கு. இந்தியா 49.7. தமிழ்நாடு 49.6. கேரளம் 62.0. இந்த மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காட்சிதான் திருவனந்தபுரத்தின் பக்கம் உலகப் பொருளியலாளர்களின் தலையைத் திருப்பியது. பொருளியலாளர் கே. என். ராஜ் அங்கே தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் 1975இல் ஐக்கிய நாடுகள் சபைக்காகத் தயாரித்த அறிக்கையும், பி. ஜி. கே. பணிக்கர் 1979இல் எழுதிய கட்டுரையும் கேட்டது ஒரே கேள்வி: கையில் காசில்லாத மாநிலத்தில் ஆட்கள் எப்படி இத்தனை காலம் வாழ்கிறார்கள்? பெண்கல்வி, அம்மை குத்துவதை அரசு ஊழியருக்கும் மாணவருக்கும் கைதிகளுக்கும் கட்டாயமாக்கிய 1879ஆம் ஆண்டு திருவிதாங்கூர் ஆணை, நடந்துபோகும் தூரத்தில் ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று பதில்கள் நீளும். அது பெரிய கதை. பலர் நன்றாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு கேரளத்தின் ஆயுள் கோடு என்ன செய்தது என்பது.

டெக்னோபார்க்கில் காப்பீட்டு மென்பொருள் எழுதும் மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். ஓய்வு நேரத்தில் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் இரண்டு புள்ளியியல் பேராசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘ஆர்’ கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. கேரள அரசு கட்டற்ற மென்பொருளுக்கென்றே நடத்தும் ஐசிஃபாஸ் நிறுவனம் பக்கத்துக் காரியவட்டத்தில் இருப்பதும், கேரளப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல், மக்கள்தொகையியல் துறைகள் அதே காரியவட்ட வளாகத்தில் இருப்பதும் தற்செயல் என்றாலும் பொருத்தம். ஒருநாள் தேநீர்க் கடையில் தம்பி மடிக்கணினியைத் திறந்தார்.

“சார், கேரளத்துக்குக் கோடு போட்டுட்டேன். 2040ல 84 வருது. ஜப்பான் மாதிரி.”

“எந்த வருஷத்திலேருந்து எடுத்தே?”

“எழுபதுலேருந்து. இருக்கறது அத்தனையும்.”

“தொண்ணூத்து மூணுலேருந்து எடுத்துப் பாரு.”

தட்டினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “77.7 வருது. ஆறு வருஷம் எங்க சார் போச்சு?”

எங்கும் போகவில்லை. 1970–75இல் 62.0 ஆக இருந்த எண் 1991–95க்குள் ஏறத்தாழ 73ஐத் தொட்டது. இருபது வருஷத்தில் 11 ஆண்டு ஏற்றம். அந்த வேகத்தை நம்பி 1993இல் யாராவது அளவுகோலை வைத்துக் கோடு இழுத்திருந்தால் 2012க்கு 83 என்று சொல்லியிருப்பார்கள். நடந்தது? 2010–14 அட்டவணையில் கேரளம் 74.9. அதற்குப் பின் வந்த அட்டவணைகளிலும் 75ஐ ஒட்டியே தயங்கி நிற்கிறது. 1970–75 தொடங்கி இதே 2010–14க்குள் தமிழ்நாடு 49.6இலிருந்து 70.6க்கு ஏறிவிட்டது. முன்னால் ஓடியவர் மூச்சு வாங்க, பின்னால் வந்தவர் நெருங்கிவிட்டார்.

ஏன் தயங்கியது என்பதற்குப் பாதிப் பதில் காகிதத்திலேயே கிடைக்கும். 1971இல் கேரளத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 58 முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன. 2020இல் 6. ஆயிரத்துக்கு 52 குழந்தைகள் தப்பி, ஆளுக்கு ஒரு 68 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தால் சராசரியில் மூன்றரை ஆண்டு ஏறும். சிறு பிள்ளைகளின் சாவுகளும் அதே வேகத்தில் குறைந்ததைச் சேர்த்தால் பழைய ஏற்றத்தின் கணிசமான பங்கு அங்கேயே அடங்கிவிடும். இனி? மிச்சமிருக்கும் அந்த ஆறு குழந்தைகளையும் காப்பாற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், காப்பாற்றத்தான் வேண்டும். ஆறை 75ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 0.45. அரை ஆண்டுகூட இல்லை. ரயிலின் முதல் நிலையத்தில் இப்போது இறங்குவார் அநேகமாக யாருமில்லை. ஆகவே சராசரி ஏற வேண்டுமானால் கடைசிப் பெட்டிகளில் இருப்பவர்கள் இன்னும் தூரம் போக வேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கழக்கூட்டத்துக்கு வடக்கே, அதே ரயில் பாதையில் இருக்கும் வர்க்கலையில் ஒரு குழு பார்த்தது. சி. ஆர். சோமன், வி. ராமன் குட்டி முதலானோர் 1,61,942 கிராமவாசிகளை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து, யார் எதனால் இறக்கிறார்கள் என்று எழுதி 2011இல் வெளியிட்டார்கள். இதய, இரத்தநாள நோய்களால் இறந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைக்கூடத் தொடாதவர்கள். 2010–14 அட்டவணையில் கேரள ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 72.0, பெண்களுக்கு 77.8 என்று இருப்பதை இதோடு சேர்த்து வாசித்தால் இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பது கொஞ்சம் புரியும். உடலுக்கு எல்லை வந்துவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வாரும் உண்டு, நான் ஒப்பமாட்டேன். 2002இல் ஜிம் ஓப்பனும் ஜேம்ஸ் வாப்பெலும் காட்டியபடி, உலகிலேயே முன்னணியில் நின்ற நாட்டுப் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 1840 முதல் 160 ஆண்டுகளாகப் பத்தாண்டுக்கு இரண்டரை ஆண்டு வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நிபுணர்கள் ‘இதுதான் உச்சவரம்பு’ என்று அறிவித்த வயதுகளை அந்தக் கோடு ஒவ்வொன்றாகத் தாண்டியது. கேரளம் நிற்பது கூரையில் முட்டியதால் அல்ல. படிக்கட்டின் திருப்பத்தில் நிற்கிறது.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். தம்பி போட்டது வெறும் நேர்கோடு. தொழில்முறையாளர்கள் கையாள்வது 1992இல் ரொனால்ட் லீயும் லாரன்ஸ் கார்ட்டரும் அமெரிக்க மரணங்களுக்காக உருவாக்கிய முறை. ஒவ்வொரு வயதின் மரண விகிதத்துக்கும் லாகரிதம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: அந்த வயதுக்குரிய வழக்கமான மட்டம் ஒன்று, காலம் போகப் போக நாடு முழுக்கச் சாவு எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஒற்றை எண் ஒன்று, அந்தக் குறைவில் இந்த வயதுக்குக் கிடைக்கும் பங்கு ஒன்று. வயதுகள் நூறு இருந்தாலும் எதிர்காலத்துக்கு நீட்டவேண்டியது அந்த ஒற்றை எண்ணை மட்டுமே. ராப் ஹைண்ட்மன் எழுதிய ‘டெமோகிராஃபி’, பின்னர் வந்த ‘StMoMo’ என்று ‘ஆர்’இல் இதற்கான தொகுப்புகள் உண்டு. தரவு கையில் இருந்தால் நாலைந்து வரி. தேநீர் ஆறுவதற்குள் விசிறி விரிந்ததுபோல் 2050 வரை படம் வந்துவிடும்.

அந்த அழகான விசிறியின் காம்பு எதில் செருகியிருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பயம் வரும். ஒற்றை எண்ணை நீட்டுவதற்கு வழக்கமாகப் பயன்படுத்துவது, தள்ளாடிக்கொண்டே ஒரு திசையில் நகரும் நடை. அந்த நடையின் சராசரி வேகம் என்ன என்று கணக்கிட்டால், நடுவில் இருக்கும் ஆண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், கடைசி மதிப்பிலிருந்து முதல் மதிப்பைக் கழித்து இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்ததுதான் மிஞ்சுகிறது. நாற்பது வருஷத் தரவைக் கொட்டினாலும் திசையைத் தீர்மானிப்பது இரண்டு முனைகள்! தம்பியின் ஆறு ஆண்டு தொலைந்தது இங்கேதான். கடைசி ஆண்டு 2021 போன்ற கொள்ளைநோய் ஆண்டாக இருந்துவிட்டால் மொத்த எதிர்காலமும் சரிந்துவிடும். லீ, கார்ட்டர் இதை அறிந்திருந்தார்கள். 1918இன் விஷக்காய்ச்சல் ஆண்டைத் தனியே பிரித்து வைத்துவிட்டுத்தான் கணக்கிட்டார்கள். அந்தத் தீர்ப்பை மென்பொருள் எடுக்காது, ஆள்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. எந்த வயதுக்கு எவ்வளவு பங்கு என்பது மாறவே மாறாது என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. கேரளத்தின் பழைய தரவைக் கொடுத்தால், முன்னேற்றம் எல்லாம் குழந்தைகளுக்கே என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு 2040 வரை குழந்தைகளையே காப்பாற்றிக்கொண்டிருக்கும், காப்பாற்ற ஆளில்லாத இடத்தில். நாளைக்கு இரத்த அழுத்த மாத்திரையும் சரியான நேரத்து ஆஞ்சியோபிளாஸ்டியும் அறுபது வயது ஆண்களுக்குத் தரக்கூடிய ஆண்டுகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பிழை கோட்டை மேலே தூக்க, இன்னொன்று கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகிச் சரியான விடை வந்தாலும் அது அதிர்ஷ்டம்.

ஐக்கிய நாடுகள் சபை வேறு வழி பிடித்தது. ஏட்ரியன் ராஃப்டரியின் குழு எழுதிய ‘பேயஸ்லைஃப்’ தொகுப்பு, ஆயுள் எதிர்பார்ப்பு நடுமட்டத்தில் வேகமாகவும் உயர்மட்டத்தில் மெதுவாகவும் ஏறும் என்று எல்லா நாடுகளின் அனுபவத்திலிருந்தும் கற்றுக்கொண்டு, அந்தந்த நாட்டுக்கு அதைத் தைத்துக் கொடுக்கிறது. கேரளத்தின் வளைவுக்கு இந்தச் சட்டை நன்றாகவே பொருந்தும். தரவு குறைவாக உள்ள இடங்களுக்கு லீ–கார்ட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று 2004இல் ரொனால்ட் லீ, நான் லி (Nan Li), ஸ்ரீபாத் துல்ஜாபுர்கர் மூவரும் காட்டியிருக்கிறார்கள். சில புள்ளிகள் இருந்தாலே நடுக்கோடு கிடைத்துவிடும். ஆனால் விசிறி எவ்வளவு அகலம் என்பதில்தான் அந்தக் குறை வெளிப்படும்.

எந்த முறையானாலும் உள்ளே போவது வயது. என் அப்பாவின் அத்தை ஒருவர் கொல்லம் பக்கம் பிறந்து நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டவர். வயதைக் கேட்டால், “தொண்ணூத்தொன்பது வெள்ளத்தப்ப நான் தத்தித்தத்தி நடப்பேன்னு அம்மை சொல்லுவா” என்பார். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. திருவிதாங்கூரை மூழ்கடித்த பெருவெள்ளம். அப்படியானால் பிறந்தது 1922 அல்லது 1923. 2009இல் அவர் இறந்தபோது குடும்ப அட்டையைப் பார்த்து எழுதிய வயது 80. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் இப்படிக் குவிவதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. குவிதலே இல்லாவிட்டால் 100, எல்லோரும் பூஜ்யத்திலும் ஐந்திலுமே நின்றால் 500. எங்கள் அத்தைக்கு வயதைக் குறைத்துவிட்டார்கள். கூட்டிச் சொல்லும் வீடுகளும் உண்டு. எழுபது வயதுக்காரர்கள் எண்பது என்று சொல்லிக்கொண்டு உயிரோடு இருந்தால், எண்பதுகளில் சாவு குறைவு என்று அட்டவணை நம்பிவிடும். எதிர்கால ஏற்றம் முழுக்க முதுமையிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலையில், மிகவும் மங்கலான பக்கமும் அதுவே. மாதிரிப் பதிவு அட்டவணை 85 வயதோடு கதவைச் சாத்திவிட்டு, ‘85ம் அதற்கு மேலும்’ என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் உட்கார வைக்கிறது. அதற்குள் வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமானால், பெரியவர்களின் மரண அபாயம் வயதோடு பெருக்கல் விகிதத்தில் ஏறுகிறது என்று 1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் கண்ட விதியை வைத்து மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். படம் வழவழப்பாக வரும். பெர்க்லியிலும் ஜெர்மனியிலுமாக நடத்தப்படும் மனித மரணத் தரவுத்தளத்தில் நாற்பது நாடுகள் அளவில் இருக்கின்றன, இந்தியா இல்லை.

தம்பிக்கு அடுத்த ஆசை வந்தது. “கழக்கூட்டத்துக்கு மட்டும் தனியா போட்டா என்ன சார்?”

போடலாம். பிறப்பு இறப்புப் பதிவு கேரளத்தில் ஏறக்குறைய முழுமையானது. ‘சேவனா’ என்ற மென்பொருளில் உள்ளாட்சிகள் பல ஆண்டுகள் பதிவு செய்துவந்தன. ஆனால் சிறிய இடத்தில் எண்கள் துள்ளும். ஒரு வார்டில் குறிப்பிட்ட வயதுக்காரர்களில் ஆண்டுக்கு 30 பேர் இறக்கிறார்கள் என்றால், எந்த மாற்றமும் இல்லாமலே அடுத்த ஆண்டு 20 ஆகலாம், 40உம் ஆகலாம். வகுப்பதற்குக் கீழே போடவேண்டிய மக்கள்தொகை எங்கே? கடைசிக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கழக்கூட்டம் பஞ்சாயத்து திருவனந்தபுரம் மாநகராட்சியில் சேர்ந்தது. அதன்பின் எத்தனை இளைஞர்கள் வாடகைக்கு வந்தார்கள், எத்தனை பேர் வளைகுடாவுக்குப் போனார்கள்? அடுத்த கணக்கெடுப்பின் தேதி 2027 மார்ச் 1. அதுவரை கீழே இருக்கும் எண்ணும் ஒரு முன்கணிப்புதான், முன்கணிப்பின்மேல் முன்கணிப்பு.

மேலே இருக்கும் எண்ணிலும் வேறொரு கோணல் உண்டு. சாவு எங்கே நிகழ்கிறதோ அங்கே பதிவாவது சட்டம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கொல்லத்திலிருந்தும் முற்றிய நோயாளிகள் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. பதிவேட்டை அப்படியே எடுத்து வகுத்தால் தலைநகர்வாசிகள் சீக்கிரம் இறப்பதாகவும் நாகர்கோவில்காரர்கள் நீண்டு வாழ்வதாகவும் வரும். எங்கள் அத்தையும் இறந்தது திருவனந்தபுரத்தில், ஒரு மருத்துவமனையில்தான். எண்பத்தாறு வயதில் இறந்த நாகர்கோவில்காரர், எண்பது வயதில் இறந்த திருவனந்தபுரத்துக்காரராக அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறார்.

“அப்போ அவங்கள எந்த ஊர்க் கணக்குல சேர்ப்பீங்க?” என்றார் தம்பி.

இறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில், இறந்தவர் வழக்கமாக வசித்த ஊர் எது என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. யாராவது அதை எடுத்துப் பிரித்தால் அத்தை நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுவார். வயதுக்கு அப்படி இரண்டாவது கட்டம் கிடையாது.